தேயிலைப் பெட்டியில் கினிப்பன்றிகள்

குளிரில் ஒரு மாதம்கூடத் தாங்காது என்று எல்லோரும் சொன்ன கினிப்பன்றிகளில் இரண்டு இன்று காலையும் கோவா என்கிற முட்டைக்கோஸ் இலை தின்றன. இதை முதலில் எழுதிவிடுகிறேன். மற்ற விஷயங்களில் எனக்கு இன்னும் சந்தேகங்கள் உண்டு. இதில் இல்லை.

எங்கள் வீடு திம்புள்ளப் பக்கத்து மலையில், தேயிலை ஸ்டோரை ஒட்டியிருக்கும் குவாட்டர்ஸ் வரிசையில் கடைசி வீடு. ஆலையை எங்கள் பக்கத்தில் ஸ்டோர் என்றுதான் சொல்வோம். என் கணவர் அங்கே தேயிலை தயாரிப்பைப் பார்க்கும் உதவி டீமேக்கர். வீட்டில் அவரும் நானும், எங்கள் மகளும், இப்போது சுவரைப் பிடித்துக்கொண்டு நடக்கும் மகனும், கணவரின் அக்காவும் இருக்கிறோம். அவரை நான் அண்ணி என்று கூப்பிடுவேன். கலியாணமான கொஞ்ச காலத்திலேயே புருஷனை இழந்து தம்பியோடு வந்து இருந்துவிட்டவர். அடுப்பு, சாவிக்கொத்து, பிள்ளை வளர்ப்பு எல்லாம் அவர் பொறுப்பு. நான் ஹட்டனில் கான்வென்டில் எஸ்.எஸ்.சி. வரை படித்து, கலியாணத்துக்கு முன் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் கொஞ்ச நாள் படிப்பித்தவள். பிள்ளை வளர்ப்பதை அங்கே யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. ஆகவே அண்ணி சொன்னதை அப்படியே செய்து வந்தேன். சொன்னதைச் செய்வது எனக்கு எப்போதும் எளிது. செய்த பிறகு அது சரியா என்று யோசித்துக்கொண்டே இருப்பதுதான் என் வியாதி.

மகன் பிறந்த வருடம்தான் தோட்டத்துப் பெரிய துரை குடும்பத்தோடு இங்கிலாந்துக்குத் திரும்பினார். ஐப்பசி மழையில் ஒரு மாலை, பங்களாச் சமையல்காரர் மூங்கில் கூடை ஒன்றைத் தூக்கிக்கொண்டு எங்கள் பின்வாசலுக்கு வந்தார்.

"தொரைசாணி அம்மா இதுகள அவுத்து விட்டுரச் சொல்லிட்டாங்க, டீச்சரம்மா. அவுத்து விட்டா நாய் புடிச்சிரும். ஒங்க பாப்பா பங்களாவுக்கு வந்தப்ப இதுகள மடிய விட்டு எறக்கவே இல்ல. அதான் கொண்டாந்தேன்."

கூடைக்குள் மூன்று இருந்தன. கிழட்டு ஆண் ஒன்று, மண் நிறம். மற்ற இரண்டும் பெண்கள்: ஒன்று வெள்ளை உடம்பும் கறுப்புக் காதும், ஒன்று இஞ்சி நிறம். அண்ணி குனிந்து பார்த்தார்.

"என்னா இது? வாலும் இல்ல, கழுத்தும் இல்ல."

"கினிப்பன்னின்னு சொல்லுவாங்க."

"பன்னியா? பன்னி எல்லாம் இந்த வீட்டு வாசப்படி ஏறக்கூடாது."

"பேருதாங்க பன்னி. புல்லு திங்கிற சாது."

"சாதுவோ சன்னியாசியோ, வெளியதான் கெடக்கணும்."

மகள் அதற்குள் இஞ்சி நிறத்ததை எடுத்து மார்போடு அணைத்துக்கொண்டாள். அது அவள் சட்டைப் பித்தானைக் கடித்துப் பார்த்தது. திருப்பிக் கொண்டுபோகச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பங்களாவில் அவை குசினிக்குப் பின்னால், எந்நேரமும் அடுப்புச் சூடு படும் அறையில் இருந்தவை. எங்கள் வீட்டிலோ வெளியேதான் இடம். மார்கழியும் தையும் வந்தால் எங்கள் பக்கத்தில் பள்ளத்துத் தேயிலை எல்லாம் பனியில் கருகிப்போகும். குழாயடித் தண்ணீர் மேலே கண்ணாடி மாதிரி ஏடு படியும்.

குவாட்டர்ஸ் முழுவதும் 'தொரை எலி' பார்க்க வந்தது. பெரிய கிளாக்கர் வீட்டம்மா சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு சிரித்தார். "சீமைச் சாமான் சீமைக்காரனோடயே போயிருக்கணும். இங்க எங்க தங்கப்போவுது?"

யார் எந்த ஊர்க்காரர், யார் இருக்கலாம், யார் இந்தியாவுக்குப் போகவேண்டும் என்ற பேச்சு அந்த நாட்களில் எங்கும் ஓடிக்கொண்டிருந்தது. இங்கேயே பிறந்த எங்களைப் பார்த்தும் அப்படித்தான் பேசினார்கள். எனக்கு அந்தச் சிரிப்பு பிடிக்கவில்லை. "ஏன் தங்காதுங்க? தங்கும்," என்று சொல்லிவிட்டேன். உள்ளே வந்த பிறகு, பெரியவரிடம் அப்படிச் சொன்னது மரியாதையா என்று உறுத்தியது. ஆனாலும் சொன்னது சொன்னதுதான். தங்க வைத்தாக வேண்டும்.

கூடு செய்வதில் என் கணவர் ஆர்வமாக முன்வந்தார். ஸ்டோரில் ஓரம் உடைந்து கழித்துப்போட்ட தேயிலைப் பெட்டிகளில் இரண்டைக் கொண்டுவந்தார். தேயிலைப் பெட்டியைப் பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன்: மெல்லிய பலகைப் பெட்டி, உள்பக்கம் முழுவதும் ஈயத்தாள் ஒட்டியிருக்கும். அவர் இரண்டையும் பக்கவாட்டில் சேர்த்து அடித்து, நடுவில் வழி வெட்டி, முன்னால் கம்பிவலை வைத்தார். ஈயத்தாளை மட்டும் உரிக்க விடவில்லை.

"தேயில இதுக்குள்ளதான் கொழும்பு போயி, கப்பலேறி, லண்டன் வரைக்கும் போவுது. ஒரு சொட்டு ஈரம் ஏறுமா? கடல் காத்தே நொழையாது. இந்த மலக் குளிரு நொழையுமா?"

எனக்கும் அது சரியென்றே பட்டது. தேயிலையைக் காப்பாற்றுவது மூன்று சின்ன உயிர்களைக் காப்பாற்றாதா? பின்சுவரை ஒட்டி, கூரை இறக்கத்தின் கீழே பெட்டியை வைத்தோம். உள்ளே காய்ந்த மானாப்புல்லை நிறையப் போட்டேன். மார்கழி பிறந்ததும், கொழுந்து எடுக்கும் பெண்கள் போட்டுக் கிழித்த பழைய கம்பளி ஒன்றைக் கேட்டு வாங்கி, பெட்டியை நாலு பக்கமும் சுற்றி மூடினேன். கம்பிவலைக்கு மேல் சாக்கைத் தொங்கவிட்டேன். மாலையில் செங்கல் ஒன்றை அடுப்பில் சுட்டு, துணியில் சுற்றி, புல்லுக்கு அடியில் வைப்பேன். காற்று நுழைய இடமே வைக்கவில்லை. என் மனதில் காற்றும் குளிரும் ஒன்றாகவே இருந்தன.

வீட்டுக்குள்ளும் அதே மாதிரிதான் நடந்தது. பிள்ளை பெற்ற வீட்டில் காற்று படக்கூடாது என்பது அண்ணியின் முறை. எங்கள் வரிசையில் எல்லா வீடுகளிலும் அதுதான் முறை. நானும் மகனும் இருந்த அறையில் ஜன்னல் இடுக்குகளில் எல்லாம் மைதா மாவுப் பசை போட்டுப் பேப்பர் ஒட்டினார். கதவுக்கு அடியில் துணி அடைத்தார். மூலையில் கரிச்சட்டி, அதில் காலையும் மாலையும் சாம்பிராணி. குழந்தைக்குக் குல்லா, அதன்மேல் துண்டு, அதன்மேல் கம்பளி. முகம் மட்டும் ஒரு ரூபாய்க் காசளவு தெரியும்.

மார்கழி நடுவில் மகனுக்கு இளைப்பு தொடங்கியது. பால் குடிக்கும்போது நெஞ்சுக்குள் கொர்ரென்று சத்தம் வரும். நாலு வாய் குடித்துவிட்டு மூச்சுக்காக விட்டுவிடுவான். டிக்கோயா ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். மருந்து கொடுத்தார்கள். குறைந்தது, மறுபடியும் வந்தது. அண்ணி காரணத்தை உடனே கண்டுபிடித்துவிட்டார்.

"அந்த எலிதான். ஒன் சேலையில ஒட்டிக்கிட்டு வருது."

"நான் கை கழுவிட்டுத்தானே அண்ணி வர்றேன்."

"கைய கழுவுன. மூச்ச கழுவுனியா?"

அதன் பிறகு கூட்டுக்குப் போகும்போது வேறு சேலை கட்டிக்கொண்டேன். திரும்பி வந்து முகம் கழுவினேன். இருந்தும் பிள்ளையைத் தூக்கும்போதெல்லாம், அண்ணி சொல்வது உண்மையாக இருந்தால், என்ற பயம். கணவர் ஒரு நாள் சாப்பிட்டுக்கொண்டே சொன்னார்:

"பொங்கலுக்குள்ள பயலுக்குச் சரியாகல்லன்னா இதுகள நான் எங்கயாவது அனுப்பிருவேன். அழுது கிழுது பாக்காத."

நான் அழவில்லை. மகள்தான் அழுதாள். பிள்ளையின் மூச்சு என்னவோ என் கையில் இருந்து நழுவிக்கொண்டே இருந்தது. அதற்கு என்ன செய்வது என்று எல்லோருக்கும் தெரிந்திருந்தது, எனக்கு மட்டும் தெரியவில்லை.

முதல் பனி விழுந்த காலையில் சாக்கைத் தூக்கிப் பார்த்தேன். வழக்கமாக என் காலடிச் சத்தம் கேட்டாலே மூன்றும் சேர்ந்து கீச்சிடும். அன்று சத்தமே இல்லை. கையை உள்ளே விட்டேன். வெதுவெதுப்பாக, நனைந்த துணிக்குள் விட்ட மாதிரி இருந்தது. ஈயத்தாளில் தண்ணீர் முத்து முத்தாக நின்று, கோடு கோடாக இறங்கிக்கொண்டிருந்தது. புல் ஊறியிருந்தது. மூத்திர நெடி கண்ணைக் கரித்தது. கிழட்டு ஆண் செத்து விறைத்துக் கிடந்தது. இஞ்சி நிறத்தது மூலையில் முடி சிலிர்த்து, மூக்கில் நீர் வடிய உட்கார்ந்திருந்தது. அது மூச்சு விடும் சத்தம் எனக்குப் பழகிய சத்தமாக இருந்தது.

"நான்தான் சொன்னேன்ல," என்றார் அண்ணி, பின்வாசலில் இருந்து. சந்தோஷமாகச் சொன்னார் என்று சொல்லமாட்டேன். ஆனால் சொல்லாமல் விடவில்லை.

கணவர் பார்த்துவிட்டு, "இன்னொரு கம்பளி போடு. எங்கயோ காத்து பூந்திருச்சு," என்றார். போட்டேன். சொன்னதைச் செய்கிறவள்தானே. மறுநாள் ஈயத்தாளில் இன்னும் அதிகமாகத் தண்ணீர் ஓடியது. இஞ்சி நிறத்தது கரட் இலையை முகர்ந்து பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டது.

பெட்டிக்கு முன்னால் குந்தியபடி நான் யோசித்தேன். இந்தத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது? மழை இல்லை. பெட்டியின் வெளிப்பக்கம் காய்ந்த பலகை. பெட்டி கிடந்த இடத்தில் மண்கூடக் காய்ந்திருந்தது. ஈரம் வெளியே இருந்து வரவில்லை. உள்ளேயேதான் உண்டாகியிருக்கிறது. அவற்றின் மூச்சும், மூத்திரமும், நான் வைத்த சூட்டுக் கல்லும் சேர்ந்து உண்டாக்கிய ஈரம், போக வழியில்லாமல் அவற்றின் மேலேயே சொட்டியிருக்கிறது.

அன்று பகல் கொழுந்து நிறுக்கும் இடத்தில் என் கணவரின் சத்தம் வீடுவரை கேட்டது. அது வழக்கம்தான். கொழுந்தைச் சாக்கில் திணித்து அழுத்திக் கொண்டுவந்தால் அவருக்குக் கோபம் தலைக்கேறிவிடும். "இப்புடி அமுக்கிக் கட்டுனா கொழுந்துக்கு மூச்சு முட்டாதா? உள்ள கைய வச்சிப் பாருங்க, கொதிக்குது! செவந்து போயிருச்சு!"

சாப்பாட்டுக்கு வந்தவரிடம் சோற்றைப் போட்டுவிட்டுக் கேட்டேன்.

"என்னங்க, கொழுந்துக்கு மூச்சு முட்டும்னா, இதுகளுக்கு முட்டாதா?"

"எதுகளுக்கு?"

"பெட்டிக்குள்ள இருக்கறதுகளுக்கு. பெட்டி காஞ்ச தேயிலைக்குத்தானே. காஞ்ச தேயில மூச்சு விடாது. இதுக விடுதே."

அவர் சோற்றைப் பிசைந்து ஒரு வாய் சாப்பிட்டார். பிறகு, "ஸ்டோர்ல வந்து டீமேக்கர் வேலைய நீயே பாரு," என்றார். அதை அனுமதி என்று எடுத்துக்கொண்டேன்.

அவர் போனதும் ஈயத்தாளைக் கத்தியால் சுரண்டி உரித்தேன். தாள் கிழிந்து கிழிந்து வந்தது, விரல் நகத்தில் ரத்தம் கட்டியது. பின்பலகையின் உச்சியில், கூரை இறக்கத்துக்குக் கீழே, காற்று நேரே படாத இடத்தில், சூட்டுக்கோலால் வரிசையாக ஓட்டை போட்டேன். பெட்டியைக் கல்லடுக்கி நிலத்தில் இருந்து உயர்த்தினேன். உள்ளே ஒரு மூலையில் சின்னப் பலகைப் பெட்டி ஒன்றைக் கவிழ்த்து வாசல் வெட்டி வைத்தேன், இரண்டும் அதற்குள் ஒடுங்கி ஒன்றையொன்று சூடாக்கிக்கொள்ளட்டும் என்று. புல்லை எடுத்துக் கொட்டிவிட்டு, அடுப்பு மேல் பரணில் காய்ந்த புல்லாகப் போட்டேன், இந்த முறை முழங்கை புதையும் அளவுக்கு. கம்பளியைப் பெட்டியின் மேலும், வலையின் கீழ்ப்பாதியிலும் மட்டும் போட்டேன். வலையின் மேல்பக்கம் திறந்தே கிடந்தது.

பெரிய கிளாக்கர் வீட்டம்மா வேலிக்கு அந்தப் பக்கம் நின்று பார்த்தார். "என்னா டீச்சர், குளிர் காலத்துல ஓட்ட போடுறீங்க? எலிக்கு வேர்க்குதா?"

"ஆமாங்க, வேர்க்குது," என்றேன். அது உண்மைதான்.

செய்து முடித்த பிறகுதான் பயம் வந்தது. இருக்கிற இரண்டையும் நானே கொல்கிறேனோ? போய் ஓட்டைகளைத் துணியால் அடைத்துவிடலாமா என்று இரண்டு முறை பின்வாசல்வரை போய்த் திரும்பினேன். அடைக்கவில்லை.

மறுநாள் கடும் பனி. பள்ளத்தில் தேயிலைச் செடிகள் சீனி தூவினாற்போல் நின்றன. என் காலடி பின்வாசலில் பட்டதுமே வெள்ளையின் கீச்சுச் சத்தம் கேட்டது. கையை விட்டேன். புல் காய்ந்திருந்தது. கவிழ்த்த பெட்டிக்குள் கதகதப்பு. இஞ்சி நிறத்தது உடனே தேறிவிடவில்லை. தோடம்பழத்தை, ஆரஞ்சைத்தான் சொல்கிறேன், பிழிந்து சாற்றைச் சொட்டுச் சொட்டாக வாயில் விட்டேன். சில நாளில் கோவா இலையை வெள்ளையிடமிருந்து பிடுங்கித் தின்னும் அளவுக்கு வந்தது. மூக்கில் நீர் நின்றது. மூச்சில் சத்தம் நின்றது.

அது பிடுங்கித் தின்ற காலையில்தான், கையில் புல் வாசத்தோடு, சேலை மாற்றக்கூட மறந்து, பிள்ளையின் அறைக்குள் போனேன். வெளியே இருந்து வந்ததாலோ என்னவோ, அந்த அறையை முதன்முதலாகப் பார்ப்பது போல் இருந்தது. ஜன்னல் கண்ணாடியில் தண்ணீர் கோடு கோடாக இறங்கிக்கொண்டிருந்தது. பேப்பர் ஒட்டிய இடத்தில் பசை கறுத்துப் பூஞ்சணம் பிடித்திருந்தது. தொட்டிலுக்குப் பின்னால் சுவரில் கையை வைத்தேன். உள்ளங்கை நனைந்தது. மூலையில் கரி புகைந்துகொண்டிருந்தது. மகன் தூக்கத்தில் கொர் கொர் என்று மூச்சு விட்டான்.

கரிச்சட்டியைத் தூக்கி வெளியே வைத்தேன். தொட்டிலை ஜன்னலில் இருந்து தள்ளி, காய்ந்த உள்சுவர்ப் பக்கம் இழுத்தேன். பிறகு ஸ்டூலில் ஏறி, ஜன்னலின் மேல்கதவில் ஒட்டியிருந்த பேப்பரைக் கிழிக்கத் தொடங்கினேன். சத்தம் கேட்டு அண்ணி வந்துவிட்டார்.

"ஏம்புள்ள! கிறுக்கா புடிச்சிருக்கு? வெளிய பனி கொட்டுது!"

"தெரியும் அண்ணி. செவுத்தத் தொட்டுப் பாருங்க. ஊறிப்போயி கெடக்கு."

"செவுரு ஊறுனா ஊறுது. இந்த வரிசையில எத்தன புள்ளைக்கு இப்புடிப் பாத்திருக்கேன். ஒன் மகள நான்தான் பாத்தேன். செத்தா போயிட்டா?"

"மக பொறந்து குளிர் முடியிற வரைக்கும் ஹட்டன்ல, எங்கம்மா வீட்டுல இருந்துட்டு சித்திரையிலதானே இங்க வந்தா. இந்த அறையில இருந்தவ இல்ல."

அது அவர் எதிர்பார்க்காதது. பிறகு குரல் உயர்ந்தது.

"ஓ! எலிக்குப் பாத்த வைத்தியத்த என் தம்பி புள்ளைக்குப் பாக்கப் போறியா?"

ஸ்டூல் ஆடியது. நான் அவரை அதுவரை எதிர்த்துப் பேசியதே கிடையாது.

"ஆமா அண்ணி. எலி பொழச்சிருச்சுல்ல?"

மேல்கதவைத் தள்ளினேன். பசையில் ஒட்டிக்கிடந்து டப்பென்று திறந்தது. குளிர் உச்சியில் பட்டது.

அதன் பிறகு சில நாள் எங்களுக்குள் நடந்தது யுத்தம்தான். நான் குழாயடிக்குப் போய் வருவதற்குள் ஜன்னல் சாத்தியிருக்கும். நான் திறப்பேன். ஒரு முறை புதுப் பேப்பரே ஒட்டியிருந்தது, பசை காயாமல். அதையும் உரித்தேன். "புள்ளைக்கு ஒண்ணு ஆச்சுன்னா ஒன்னாலதான்," என்று எல்லோரும் கேட்கச் சொன்னார். "ஆமா, என்னாலதான்," என்றேன். அதைச் சொல்லிவிட்டுக் குசினிக்குள் போய்விட்டேன். உண்மையாகவே ஏதாவது ஆகியிருந்தால் நான் என்ன ஆகியிருப்பேன் என்று நினைக்கக்கூட இன்றும் பயமாக இருக்கிறது. ஆனால் அதுவரை ஆகிக்கொண்டிருந்ததும் பிள்ளைக்குத்தானே? அதற்கு யார் பொறுப்பு என்று யாரும் கேட்கவில்லை.

கணவர் இரண்டு பக்கமும் சேரவில்லை. ஸ்டோரில் வேலை அதிகம் என்றார். ஆனால் ஒரு நாள் மாலை அவரே மேல்கதவுக்கு ஒரு கொக்கியும் சங்கிலியும் அடித்தார், காற்றில் அடித்துக்கொள்ளாமல் ஒரு கையளவு திறந்து நிற்கும்படி. அக்காவைப் பார்க்காமல், என்னையும் பார்க்காமல் அடித்தார்.

மகனுக்குக் குல்லாவும் கம்பளியும் இருந்தன. சூட்டுத் தண்ணீர்ப் போத்தலைத் துணியில் சுற்றிக் காலடியில் வைத்தேன். சுவர் மெல்லக் காய்ந்தது. இளைப்பு ஒரே நாளில் போய்விடவில்லை. பொங்கலன்று பால் பொங்கும்போது இருந்தது, ஆனால் குறைவாக. அதன் பிறகு ஒரு நாள் வயிறு நிறைய ஒரே மூச்சில் குடித்துவிட்டு என்னைப் பார்த்தான். கினிப்பன்றிகளை அனுப்புவது பற்றி யாரும் பேசவில்லை. நானும் ஞாபகப்படுத்தவில்லை.

ஜன்னலால்தான் சரியானது என்று நான் சத்தியம் செய்யமாட்டேன். மருந்தாக இருக்கலாம். பருவம் மாறியதாக இருக்கலாம். இதை எழுதும்போதும் அந்தக் கேள்வி இருக்கிறது. ஆனால் இந்த வருடமும் பனி வந்துவிட்டது. பசைக்கு மாவு கரைக்க நான் விடவில்லை. மார்கழி முழுக்க மகனுக்கு இளைப்பு வரவில்லை.

இன்று காலையும் முதலில் கூட்டைப் பார்த்தேன். இரண்டும் இலைக்குக் கத்தின. உள்ளே போய், வழக்கம்போல் தொட்டிலுக்குப் பின்னால் சுவரைத் தடவிப் பார்த்தேன். அண்ணி சால்வையைக் காதுவரை இழுத்துப் போர்த்திக்கொண்டு கதவருகே நின்றார்.

"தெனம் தடவுறியே, செவுத்துக்குக் காய்ச்சலா?"

"இல்ல அண்ணி. நல்லாருக்கு."

"எனக்குக் குளிருது."

"எனக்குந்தான் அண்ணி," என்றேன். என் கம்பளியை எடுத்து அவர் தோளில் போட்டேன். ஜன்னலைச் சாத்தவில்லை.